பின்னால் கட்டிய கைகள்

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் நான் பில் போட்ட கடைக்கு மூன்று மாடி. கீழே மளிகை, நடுவில் துணி, மேலே பாத்திரமும் பிளாஸ்டிக் சாமானும். உள்ளே நுழைய அகலமான கண்ணாடிக் கதவு, ஜில்லென்ற காற்று, கும்பிட்டபடி நிற்கும் ஒரு பொம்மை. வெளியே போக ஒரே ஒரு ஒடுக்கமான வாசல். அந்த வாசலில் நின்றவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரை எழுதப்போவதில்லை. கடையில் வேலை பார்த்த நாங்கள் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டோம். சாமான் வாங்க வருகிறவர்கள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசலில் நிற்கிற ஆளை யார் கூப்பிடுகிறார்கள்? பில்லை நீட்டுவார்கள், ஓட்டை போட்டதும் போய்விடுவார்கள்.

சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று, தோளில் செக்யூரிட்டி என்று தைத்த பட்டை, நரைத்த கொண்டை, நெற்றியில் குங்குமம். இவ்வளவும் எல்லாக் கடைகளிலும் பார்க்கிறதுதான். கைதான் வேறு மாதிரி. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்த அதிகாரி மாதிரி இருக்கும். பில்லில் ஓட்டை போடுகிற மிஷின், முன்னால் ஒரு ஸ்டூலில் சங்கிலியோடு கிடக்கும். வலது கை மட்டும் வெளியே வரும், ஓட்டை போடும், மறுபடி பின்னால் போய்விடும்.

"பையக் காட்டுறீகளா தாயி?"

அவர் கேட்பது இவ்வளவுதான். கேட்டுவிட்டு நிற்பார். மற்றக் கடைகளில் கேள்வி முடிவதற்குள் கை பைக்குள் போயிருக்கும். இவர் பதிலுக்காகக் காத்திருப்பார். யாராவது பையைத் தூக்கி அவரிடம் நீட்டினால் ஒரு அடி பின்னால் போவார். "நீங்களே விரிச்சுப் பிடிங்க, நான் எட்டிப் பாத்துக்கிடுதேன்" என்பார். தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண்கள் வந்தால் முன்னால் வாங்கம்மா என்கிற மாதிரி ஒரு "ரண்டம்மா" சேர்ந்துகொள்ளும். கேள்வி மாறாது.

சிலர் முடியாது என்பார்கள். ரொம்பப் பேர் இல்லை, எப்போதாவது ஒருவர். "பில்லு இருக்குல்ல, அப்புறம் என்ன பை?" என்று முறைப்பார்கள். "சரிம்மா, போயிட்டு வாங்க" என்று விலகி வழிவிடுவார். முகத்தில் கோபம் இருக்காது. அவர்களுக்குத்தான் ஒரு மாதிரியாகிவிடும். சண்டைக்குத் தயாராக வந்த ஆள், எதிரில் சண்டைக்கு யாரும் இல்லாமல், படியிறங்கிப் போய் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்.

சாயங்காலத்துக்கு மேல் அதே வாசலில் வேறொரு ஆள் நிற்பார். பட்டாளத்தில் இருந்து வந்தவர் என்று சொல்லிக்கொள்வார். பட்டாளத்தில் எதைக் காவல் காத்தாரோ தெரியாது, இங்கே மஞ்சள் பையைத்தான் காவல் காத்தார். ஆலங்குளம் பக்கத்து பஸ்ஸில் வந்து இறங்கிய காட்டு வேலைக்காரப் பெண் என்றால் பையை அடிவரைக்கும் துழாவுவார். வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பிரித்தபடியே கொடுப்பார். காரில் வந்து இறங்கியவர் என்றால் கதவைப் பிடித்துக்கொண்டு சல்யூட். பெரியம்மாவுக்கு இந்த வித்தை வரவே இல்லை. ஒரு நாள் கடை முதலாளியின் வீட்டம்மா கீழே வந்து ஏதோ எடுத்துக்கொண்டு வெளியேறும்போது அவரையும் அதே குரலில் கேட்டார். அந்தம்மா சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்து காட்டினார். மேனேஜருக்குத்தான் வியர்த்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. காரணம் இருக்கிறது. வேலை முடிந்து போகிற பெண் பிள்ளைகளையும் சோதனை போட்டுத்தான் வெளியே விட வேண்டும் என்று கடையில் கட்டளை. நான் இதற்கு முன் இருந்த துணிக்கடையில் இடுப்பைத் தடவுவார்கள், சேலை மடிப்பை அமுக்கிப் பார்ப்பார்கள், அதற்குப் பழகிப்போயிருந்தோம். இங்கே பெரியம்மா எங்களையும் தொடவில்லை. "நீங்களே பையத் தொறந்து காட்டிட்டுப் போங்க பிள்ளைகளா" என்பார். பகலெல்லாம் நின்று வேர்த்து நாறிப்போய் நிற்கிற எங்களைத் தொட அவருக்கு அருவருப்பு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யாரும் என்னைத் தொட வேண்டாம், ஆனால் தொட அருவருக்கவும் கூடாது. அந்த வயதில் அப்படித்தான்.

இதில் வேடிக்கை, மற்றவர்கள் பையில் கை வைக்காதவர் தன் பையைச் சும்மா விடமாட்டார். தினமும் வேலை முடிந்ததும் தன் துணிப்பையை மேனேஜர் மேசைக்குக் கொண்டுபோவார். யாரும் கேட்கமாட்டார்கள். தூக்குச்சட்டியை வெளியே எடுத்து மூடியைத் திறந்து காட்டுவார், மாத்திரை அட்டை, கைக்குட்டை, பஸ்ஸுக்கு வைத்திருக்கும் சில்லறைப் பை என்று ஒவ்வொன்றாக வைப்பார், கடைசியில் பையைத் தலைகீழாக உதறிக் காட்டுவார். "போதும் போதும், போங்க பெரியம்மா" என்று மேனேஜர் சலித்துக்கொள்வார். ஆனாலும் மறுநாளும் உதறுவார்.

நான் வில்லிபுத்தூர், அவர் மம்சாபுரம் விலக்கில் இறங்குகிறவர். ஒரே பஸ். ஒரு நாள் பக்கத்து சீட்டு கிடைத்ததும் கேட்டேவிட்டேன்.

"ஏன் பெரியம்மா, எங்க மேல கை பட்டா ஒட்டிக்கிருமா?"

திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"மில்லு கேட்டுல நின்னவ தாயி நான்" என்றார். "தொட்டது போதும்னு வச்சிருக்கேன்."

விலக்கு வந்ததும் இறங்கிப் போனார். நானும் விட்டுவிட்டேன். மில் என்றால் இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு ஆளாவது பஞ்சு மில்லில் வேலை பார்த்திருப்பார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற பெண்களை வாசல் ஓரத்து அறையில் ஒருத்தி தடவிப் பார்த்துத்தான் அனுப்புவாள் என்பதும் தெரிந்ததுதான். அந்த ஒருத்தி இவர்.

பிறகு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பெரும்பாலும் பஸ்ஸில்தான். சொல்லும்போது ஆரம்பத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. "கையத் தூக்குன்னு சொல்ல வேண்டாம். என்னையப் பாத்ததும் தூக்கிருவாளுக. தோள்ல ஆரம்பிச்சு இடுப்பு வரைக்கும் ஒரே இழுப்பு. எவ முழுகாம இருக்கான்னு அவ புருசனுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். எவ வீட்டுல அடுப்பு எரியலைங்கிறதும் தெரியும், விலா எலும்பு சொல்லிரும்." நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் கையை மடியில் வைத்து ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் பின்னால் கட்ட வழியில்லை, அதனால் அப்படி.

கடைக்கு வருகிற சில பெண்கள் அவரைப் பார்த்ததும் தயங்கி நிற்பார்கள். நடுவயதுக்காரிகள். வாங்கிய சாமானை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவார்கள், வரிசையில் பின்னால் நிற்கிற ஆளை முன்னே விடுவார்கள். பில் கவுண்டரில் உட்கார்ந்தபடி இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருத்தி வாங்கிய துணியை என் மேசையிலேயே வைத்துவிட்டு "அந்தப் பக்கமா வெளிய போக முடியாதாக்கா?" என்று உள்ளே வரும் கதவைக் காட்டிக் கேட்டாள். முடியாது என்றேன். அவள் போகும்போது பெரியம்மா பையைக் காட்டச் சொல்லிக் கேட்கவே இல்லை. தலையைக் குனிந்து ஓட்டை மட்டும் போட்டு அனுப்பினார். எனக்கு அவரைப் பார்க்க ஒரு பக்கம் பாவமாகவும் ஒரு பக்கம் பயமாகவும் இருந்தது. இந்தக் கை எத்தனை பேர் நினைப்பில் இருக்கிறதோ என்று தோன்றியது.

புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் திருவண்ணாமலைக்கு என்னையும் கூப்பிட்டார். வில்லிபுத்தூர்க்காரர்கள் சொல்லும் திருவண்ணாமலை, மலைமேல் பெருமாள் இருக்கிறாரே, அது. விடிவதற்கு முன்பே கூட்டம். படியேறும்போது அவர் பெருமாளைப் பார்க்க வந்தவர் மாதிரி தெரியவில்லை. ஏறுகிற முகம் இறங்குகிற முகம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தார். தரிசனம் முடிந்து பாதிப் படியில் ஓரமாக உட்கார்ந்தோம். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு பிள்ளைய" என்றார். "இந்தப் பக்கத்துப் பிள்ள. வருசா வருசம் இங்க வரும்னு மில்லு வரிசையில நிக்கும்போது சொல்லிக் கேட்டுருக்கேன்."

பிறகு மூச்சு வாங்காமல் சொன்னார். அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"மில்லுக்குப் புதுசா வந்த பிள்ள. ஷிப்ட்டு முடிஞ்சு வரிசையில வந்தா. கையத் தூக்குனா. இடுப்புல கை வச்சேன், மெத்துனு இருந்துச்சு. உருவிட்டேன். கழிவுப் பஞ்சு, ஒரு கை அளவு. எதுக்குன்னு கேட்டேன்னு நினைக்கியா? கேக்கல. கேக்குறது அங்க பழக்கமில்ல. எது கிடைச்சாலும் வெளிய டைம் ஆபீஸ் மேசையில கொண்டுபோயி வைக்கணும். அதான் ரூல்சு. வச்சேன். ஆம்பளைக அம்புட்டுப் பேரும் ஷிப்ட்டு மாறி உள்ள வார நேரம். அந்தப் பிள்ள மேசையப் பாத்தா, பொறவு என்னையப் பாத்தா. அப்பத்தான் அவ பாவாடையில பின்பக்கம் கறையப் பாத்தேன். மாசத் தீட்டு தாயி. வைக்கத் துணியில்லாம மில்லுப் பஞ்ச எடுத்துருக்கா. வீடு போய்ச் சேருற வரைக்கும் வேணுமேன்னு கொஞ்சம் இடுப்புலயும் சொருகியிருக்கா."

கீழே இறங்குகிறவர்கள் எங்களைத் தாண்டிக் கோவிந்தா போட்டுக்கொண்டு போனார்கள்.

"எடுத்தாளான்னா, எடுத்தா. நான் ஒண்ணும் பொய்ப் பழி போடல. மேஸ்திரி என்னைய மெச்சக்கூடச் செஞ்சாரு. மறுநாள்ல இருந்து அவ வரல. அவ எடுக்காம இருந்து நான் பழி போட்டிருந்தாக்கூட, போயிக் கால்ல விழுந்துருப்பேன். இதுக்கு எங்க போயி விழுகிறது?"

நான் தெரியாமல் "விடுங்க பெரியம்மா, எம்புட்டு வருசம் ஆச்சு" என்று சொல்லிவிட்டேன்.

"விடச் சொல்லுறதுக்கு நீ யாருட்டி?" என்றார். அவருடைய கோபத்தை அன்றுதான் பார்த்தேன். பிறகு அவரே தொடர்ந்தார். "ரொம்ப நாள் கழிச்சு வில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல அவளப் பாத்தேன். கல்யாணமாகி, பக்கத்துல ஒரு பிள்ள நிக்கு. கையில காய்கறிக் கூடை. எப்படியாவது ஒரு வார்த்தை கேட்டுரணும்னு கிட்டப் போனேன். என்னைய நிமிந்து பாத்தா. கூடை கீழ விழுந்துருச்சு. ரெண்டு கையும் மேல போயிருச்சு அவளுக்கு."

அவர் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் தோளுயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். படியில் போன ஒரு கிழவர் அவர் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்.

"அவளாத் தூக்கல தாயி. கையி தானாப் போச்சு. தக்காளி உருண்டு ஓடுது, அவ பிள்ள பொறுக்குது, இவ கையத் தூக்கிக்கிட்டு நிக்கா. பொறவு அவளுக்கே தெரிஞ்சு, கையக் கீழ போட்டுட்டு, பிள்ளையத் தரதரன்னு இழுத்துக்கிட்டு எந்த பஸ்ஸுன்னு பாக்காம ஏறிட்டா. அன்னைக்குத்தான் என் கையப் பின்னால வச்சேன்."

அவர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, கடைக்கு நேரமாச்சு என்றார். இறங்குகிற வழியெல்லாம் முகங்களைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார். கண்டுபிடித்தால் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

மேனேஜர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சின்ன வயது. எங்கள் வீட்டு விசேஷங்களுக்குக் கூப்பிட்டால் வந்து மொய் எழுதிவிட்டுப் போவார். ஆனால் மாதாமாதம் சரக்கு குறைந்தால் மேலிடத்தில் அவர் கழுத்தைப் பிடிப்பார்கள், அவர் வாசலைப் பிடிப்பார். "பெரியம்மா, கேள்வி எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காதீங்க. பைக்குள்ள கையப் போட்டுப் பாருங்க. நாலு பேரப் பாத்தாத்தான் அஞ்சாவது ஆளுக்குப் பயம் வரும்" என்பார். "கேக்குறேன்ல சார். காட்டுதாகள்ல" என்பார் இவர். "காட்டாதவங்களை?" என்றால் கை பின்னால் இன்னும் கொஞ்சம் இறுகும். இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்கிற வயது அவருக்கு இல்லை. வீட்டில் புருஷன் படுக்கையில் கிடந்தார். அவருடைய மாத்திரைக்கும் வாடகைக்கும் இந்தச் சம்பளம்தான். அதைத் தெரிந்துதான் மேனேஜரும் சொன்னார், தெரிந்துதான் இவரும் பேசாமல் நின்றார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் காலேஜ் பிள்ளை வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், கடை கொள்ளாத கூட்டம். கிருஷ்ணன்கோவிலில் படிக்கிற பிள்ளை, கழுத்தில் அட்டை தொங்கியது. என்னிடம்தான் பில் போட்டது, இரண்டு சுடிதார். வாசலைத் தாண்டும்போது, திருட்டுச் சாமானைக் கண்டுபிடிக்க அங்கே நிறுத்தியிருந்த மிஷின் கத்தியது. அந்த மிஷினுக்கு மானம் ரோஷம் கிடையாது. குடைக் கம்பிக்கும் கத்தும், குழந்தை வண்டிக்கும் கத்தும், சில நாள் சும்மாவே கத்தும். ஆனால் கூட்டத்தில் கத்தினால் எல்லாத் தலையும் திரும்பும்.

பெரியம்மா வழக்கம்போலக் கேட்டார். பிள்ளை கடைப்பையை விரித்துக் காட்டியது. பில், துணி எல்லாம் சரி. மேனேஜர் ஓடி வந்து, "அந்தப் பையையும் பாருங்க" என்று முதுகில் தொங்கிய பையைக் காட்டினார்.

"அது என் சொந்தப் பை" என்றது பிள்ளை. குரல் நடுங்கியது, ஆனால் வார்த்தை தெளிவாக வந்தது. "உங்க கடையில வாங்கினதைக் காட்டிட்டேன், பில்லையும் காட்டிட்டேன். என் பையை நான் காட்ட மாட்டேன். சந்தேகம்னா போலீஸைக் கூப்பிடுங்க, அவங்க வரட்டும், நான் நிக்கிறேன். நீங்க தொடக் கூடாது."

"ஒண்ணும் இல்லைன்னா காட்ட வேண்டியதுதானே?" என்றார் மேனேஜர்.

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் ஆமாம் போட்டார்கள். யாரோ ஒருவர் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். பிள்ளையின் முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது. பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

"பெரியம்மா, பையை வாங்கிப் பாருங்க. லேடிஸ் நீங்கதான் பாக்கணும்."

பெரியம்மா நகரவில்லை.

"சொல்றேன்ல?"

"அந்தப் பிள்ள மாட்டேன்னு சொல்லிருச்சு சார்."

"அதுக்கு?"

"போலீஸக் கூப்பிடச் சொல்லுது. கூப்பிடுறதுன்னா கூப்பிடுங்க. நானும் கூட நிக்கேன். கையி மட்டும் வைக்க மாட்டேன் சார்."

மேனேஜர் போலீஸைக் கூப்பிடவில்லை. எதற்கெடுத்தாலும் கத்துகிற மிஷினை நம்பிக் கூப்பிட அவருக்கும் தைரியம் இல்லை. பெரியம்மா வாசலை விட்டு ஒதுங்கி நின்று, "போயிட்டு வா தாயி" என்றார். பிள்ளை படியிறங்கி ஓடியே போய்விட்டது. போனில் படம் எடுத்தவர் ஏமாந்த முகத்தோடு போனை உள்ளே வைத்தார்.

அன்று கடை அடைக்கும்போது சரக்கு பார்த்ததில் ஒரு சென்ட் பாட்டில் குறைந்தது. விலை அதிகமான பாட்டில். மறுநாள் காலையில் மேனேஜர் பெரியம்மாவைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"பாத்தீங்களா? அந்தப் பொண்ணுதான்."

"எடுத்திருக்கலாம் சார்" என்றார் பெரியம்மா. "எடுக்காமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது."

"நீங்க பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"பாத்தாத் தெரியும் சார். நான் பாத்தவதான்."

மேனேஜருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்தப் பிள்ளை எடுத்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யார் கண்டது. ஆனால் இப்போதெல்லாம் வில்லிபுத்தூரில் எந்தக் கடையிலாவது வாசலில் நிற்கிற ஆள் என் கைப்பையை நோக்கிக் கையை நீட்டினால், நான் பையை இழுத்து அணைத்துக்கொண்டு, "என்ன வேணும்னு வாயால கேளுங்க" என்பேன். சும்மா ஒரு பை, உள்ளே கண்ணாடிக் கூடும் பாதி தின்ற கடலை மிட்டாயும்தான் இருக்கும். கூட வருகிற என் மகள் மானம் போகிறது என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

பெரியம்மாவைத் தீபாவளிக் கூட்டம் முடிகிற வரை இருக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வேண்டாம் என்றார்கள். ஏஜென்சியில் இருந்து வேறொரு பெண்ணை அனுப்புவதாக ஏற்பாடு. பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை. கடைசி நாளும் காலையில் முதல் ஆளாக வந்து, ஸ்டூலைத் துடைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மாத்திரைக்கு என்ன செய்வீர்கள் என்று மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன். "மம்சாபுரத்துல ஒரு வீட்டுல பாத்திரம் தேய்க்கக் கேட்டுருக்காக" என்றார். "அதுல கைக்கு வேலை இருக்கு, ஆனா மனுசரத் தொட வேண்டாம்" என்று சொல்லி லேசாகச் சிரித்தார்.

சாயங்காலம் பட்டாளத்துக்காரர் லீவு. மேனேஜர் என்னைக் கவுண்டரில் இருந்து எழுப்பினார். "இன்னைக்கு வாசலை நீ பாத்துக்க. ஸ்டாஃப் எல்லாரையும் சரியாப் பாத்து அனுப்பு. ஒருத்தர் விடாம" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "பெரியம்மாவையும்தான். கடைசி நாள்ல போறவங்கதான் எதையாவது எடுத்துட்டுப் போவாங்க" என்றார். சும்மா சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சொல்லிவிட்டு அங்கேயே மேசையில் சாய்ந்து நின்றுகொண்டார்.

பெரியம்மா சட்டையைக் கழற்றி மடித்து மேனேஜர் மேசையில் வைத்தார். வெறும் சேலையில் அவரைப் பார்க்க வேறு யாரோ மாதிரி, இன்னும் சின்ன உருவமாக இருந்தது. துணிப்பையைத் தோளில் மாட்டினார். மேசையில் எதையும் எடுத்து வைக்கவில்லை. உதறவில்லை. நேராக வாசலுக்கு வந்து என் முன்னால் நின்றார்.

மேனேஜர் பார்க்கிறார். பின்னால் வேலை முடிந்த பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

"பையக் காட்டுறீகளா பெரியம்மா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, பழைய துணிக்கடையில் எங்களைத் தடவினவர்களைப் பார்த்த பழக்கத்தில் என் இரண்டு கையும் பாதி முன்னால் வந்திருந்தது. அதைப் பின்னால் கொண்டுபோனேன். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டேன்.

"மாட்டேன்" என்றார்.

குரலில் சத்தமே இல்லை. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை அதற்கு முன் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. மில்லில் நின்றபோதும் ஷிப்ட் முடிந்ததும் அவரையும் இன்னொருத்தி தடவித்தான் அனுப்பியிருப்பாள். அவருக்கே அது சரியாகக் கேட்காதது போல ஒரு நிமிஷம் நின்றார்.

"இன்னொருக்காக் கேளு தாயி" என்றார்.

"பையக் காட்டுறீகளா?"

"மாட்டேன்."

இந்தத் தடவை வரிசையில் கடைசியில் நின்ற பிள்ளைக்கும் கேட்டது. மேனேஜர் மேசையிலிருந்து நிமிர்ந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை.

"சரி பெரியம்மா" என்றேன். "போயிட்டு வாங்க."

வழியை விட்டு விலகி நின்றேன். அவர் தன் இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து, பையை மார்போடு பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி ரோட்டுக்குப் போனார். கையைப் பின்னாலிருந்து எடுக்காமலே வரிசையில் அடுத்து நின்ற பிள்ளையைக் கூப்பிட்டேன்.